தூங்கியவர் சுமக்கும் கல்

1

இந்தக் கதை ஒரு குறட்டையில் பிறந்தது. பெரிய கதைகள் கண்ணீரில் பிறக்கும் என்பார்கள். என் யோகம் இப்படி. குனா பழங்குடிகளான எங்கள் தீவில் தலைவர் சபை நடுவே தூளியில் சாய்ந்தபடி பாடித்தான் எந்த வழக்கையும் பேசுவார். இடையிடையே "தூங்காதீங்க!" என்று கத்துவது என் வேலை. எழுதுவது உபதொழில்.

2

"பூமித்தாயின் கண்ணீர் கடலாகப் பெருகி..."

வேண்டாம். எங்கள் தீவுப் பெண் எர்மிந்தாவின் அடுப்படியில் கணுக்கால் அளவு தண்ணீர். இதுதான் தொடக்கம்.

எண்ணெய்க் கம்பெனி விட்ட புகையால்தான் கடல் ஏறுகிறது என்று அவள் நகரத்து நீதிமன்றத்துக்குப் போனாள். கம்பெனி வக்கீல் லிசாண்ட்ரோ, உங்கள் அடுப்படியை நனைத்தது எங்கள் புகைதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். புகைக்கு அங்க அடையாளம் சொல்ல அவளால் முடியவில்லை. வழக்கு தள்ளுபடி.

(அந்த நகரத்து நீதிமன்றத்தின் சட்டம் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்தது. வந்த வழியெல்லாம் கடல்தான், ஆனால் கடலைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியவில்லை.)

3

பிறகு எங்கள் சபை வக்கீலை அழைத்தது. வந்தார். [ஏன் வந்தார்? நல்ல காரணம் கிடைக்கவில்லை. சிங்கி இறாலுக்கு ஆசைப்பட்டார் என்று வைத்துக்கொள்வோம்.] கடல் ஏறிய கதையைத் தலைவர் மனிகினியா பாட ஆரம்பித்தார். வக்கீல் தூங்கிவிட்டார். காதருகே போய்க் கத்தினேன். குறட்டைதான் பதில்.

எங்கள் சபையில் தூங்கினால் கரையை உயர்த்தப் பவளக்கல் சுமக்க வேண்டும். தலைவர் அவரை உலுக்கி எழுப்பி, அதையே தீர்ப்பாகச் சொன்னார். எர்மிந்தாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"என் வீடு முழுகுனதுக்குத் தண்டனை இல்ல. இவரு தூங்குனதுக்குத்தானா?"

"வீடு முழுகுறப்ப தூங்குனதுதானேம்மா குத்தம்? நம்ம படகும் அவங்க எண்ணெயிலதான் ஓடுது. நானும் ஒரு கல்லு தூக்குறேன்" என்றார் தலைவர்.

கத்துவதை விட்டு அதை எழுதிக்கொண்டேன்.

4

முடிவு அ: லிசாண்ட்ரோ சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கல்லை... நம்ப முடியவில்லை, எழுதியதை அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: மேல்முறையீடு செய்வேன் என்று படகில் ஏறி... நம்ப முடிகிறது. எழுதத்தான் கை வரவில்லை.

அதனால் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி அவர் படகுத்துறையில் நிற்கிறார். ஒரு பக்கம் படகு, மறுபக்கம் கற்குவியல். எர்மிந்தா அடுப்பை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முடிவை நீங்கள் சொல்லுங்கள். மூன்றாம் பகுதியில் கண் அசந்தவர்கள் மட்டும் சொல்ல வேண்டாம், நேரே துறைக்கு வந்துவிடுங்கள். உங்களுக்கும் கல் எடுத்து வைத்திருக்கிறது. தலைவர் தன் கல்லோடு ஏற்கெனவே தண்ணீரில் இறங்கிவிட்டார்.