பழைய பிளக், புதுப் பொய்

மேம்பாலத்தின் ஏற்றத்தில், காலை நெரிசலுக்கு நடுவே, கார் மூன்று முறை குலுங்கிவிட்டு அணைந்து போனது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஐம்பது வயதில் ஓட்டப் பழக வந்த தையல்காரம்மா. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. அம்மா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஐயோ, நான்தான் ஏதோ பண்ணிட்டேன்!"

அவர் ஒன்றும் பண்ணவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவளுக்கு அது நன்றாகத் தெரியும். வண்டி இதே மாதிரி திணறியதால்தான் போன வாரம் எஞ்சினுக்குப் பொறி தரும் நாலு பிளக்கையும் அவற்றின் ஒயர்களையும் மாற்றச் சொல்லி ஒர்க்‌ஷாப்பில் விட்டாள். அந்த ஒர்க்‌ஷாப் அவள் கூடப்பிறந்த அண்ணனுடையது.

இடம் மாறி உட்கார்ந்து, எப்படியோ கிளப்பி, அம்மாவை வீட்டில் இறக்கினாள். "இனிமே வண்டிப் பக்கமே வரமாட்டேன்" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் வண்டியை நேரே ஒர்க்‌ஷாப்புக்கு விட்டாள்.

அண்ணன் நாலு வாடிக்கையாளர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"பிளக்கை மாத்தினியா இல்லையா?"

"மாத்தினேனே. கிளட்சை ஒழுங்கா விடத் தெரியாதவங்களை ஓட்ட வெச்சுட்டு என்கிட்ட வந்து கத்துறே!"

அவள் எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து, கண்ணாடி துடைக்க வைத்திருந்த தண்ணீர் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து ஒயர்கள்மேல் மெல்லிய சாரலாகத் தெளித்தாள்; ஒயரில் வெடிப்பு இருந்தால் ஈரத்தில் மின்சாரம் கசிவது தெரிந்துவிடும். அந்த இருட்டுக் கொட்டகையில் ஒரு ஒயரிலிருந்து 'டிக் டிக்'கென்று நீலப்பொறி எஞ்சின்மேல் பாய்ந்தது. வண்டி கிடுகிடுவென்று ஆடியது. அணைத்துவிட்டுப் பார்த்தால், அந்த ஒயரின் வெடிப்பை மறைத்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"ஏய், குடும்ப விஷயம். உள்ள வா, பேசிக்கலாம்."

"வண்டி உள்ளயா நின்னுச்சு? பாலத்து நடுவுல நின்னுச்சுடா!"

அண்ணனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. எஞ்சின் ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். ஒருத்தரும் நகரவில்லை. பிறகு ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எல்லாம் பழசு. தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தானே தவிர, பொறி விழும் முனைகள் மழுங்கிக் கிடந்தன. ஒன்று அந்த எஞ்சினுக்கானதே இல்லை, மற்றவற்றைவிடக் குட்டை.

"எல்லா எடத்துலயும் நடக்கறதுதான்" என்றான் அண்ணன், தரையைப் பார்த்து. வாடிக்கையாளர் ஒருவர் சத்தமில்லாமல் தன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்த அதே எண் பிளக்குகளை அவளே தேடி வாங்கினாள். பொறி விழும் இடைவெளியை அளந்து பார்த்து, பிளக்கின் மரை கோணாமல் பிடிக்கும்வரை கையாலேயே திருகி, கடைசியில்தான் ஸ்பேனர் போட்டாள். ஒயர்களும் புதுசு. ஆனாலும் கோபம் மட்டும் தணிந்தபாடில்லை. அந்தக் கோபத்தோடேயே போய்த் தையல்காரம்மா வீட்டுக் கதவைத் தட்டினாள்.

எல்லாவற்றையும் கேட்ட அம்மாவின் முகம் சிவந்தது. "அப்போ என்னை நடுரோட்டுல அழவெச்சது உங்க அண்ணனா?"

"ஆமாக்கா."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வண்டியருகே போனார். "அந்த மூடியைத் திற. எது பிளக்கு, எது ஒயருன்னு மொதல்ல காட்டு. இனிமே எவனும் என் தலையில மொளகா அரைக்கக்கூடாது."