அட்டைப்படம்

முதல் புத்தகப் பெட்டியை முச்சக்கரவண்டியிலிருந்து இறக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பிய பிறகுதான் அச்சகத்துப் பஸீர் நானா சாவு வீட்டு வெள்ளைக்கொடியைக் கண்டார். கொடிக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகள். கதிரைகளில் ஒருகொடவத்தை கண்டைனர் யார்ட் ஆட்கள், வேலை உடுப்போடு. முன்னால் வரவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் மனிதர் நின்றார். வாசலில் நின்ற ரதி எதிரே வந்தாள்.

"ரதி மகள், ஆரு?"

"அப்பாதான் நானா. நேத்து காலைல, வேலைத்தளத்துல."

"அல்லாஹ்வே! ஒரு போன் கோல் தந்தீக்கலாமே மகள். கலியாண ஊட்டுக்கு வாற மாதிரி பொஸ்தகத்தத் தூக்கிட்டு வந்து நிக்கிறேனே. நான் கொண்டு போறேன். பொறகு பாப்பம்."

அச்சகக்காரரை அப்படிப் போகவிடவில்லை பாலசுந்தரம். அப்பாவோடு ஒரே யார்டில் சங்கிலி இழுத்துக் காய்த்துப்போன கை அவருடையது. பெட்டியை வாங்கிக் கதிரையில் வைத்தார்.

"எறக்குன பாரத்தத் திருப்பி ஏத்துற பழக்கம் எங்களுக்கு இல்ல நானா. ஒக்காந்து ஒரு பிளேன்டீ குடிங்க."

சாவியால் பெட்டியைக் கீறி ஒரு புத்தகத்தை எடுத்தார். 'ஆளில்லாத இடங்கள். நிலக்காட்சிப் படங்கள்: சு. ரதி.' வெள்ளவத்தை ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துச் சேர்த்த காசில், ரதி தானே பக்கம் கோத்து, தானே அச்சுக்குக் கொடுத்த சின்னப் புத்தகம். பாலசுந்தரம் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார்.

"ஏன் புள்ள, இதுல ஒரு மனுசனையும் காணோமே? மலை, மூட்டம், மறுபடி மலை. இதுக்கா ஒங்கப்பன் கமரா முக்காலியத் தூக்கிக்கிட்டு ஒன் பின்னால அலைஞ்சான்? அவங்கப்பன் அந்த மலையே வேணாம்னு கொட்டாஞ்சேனைக்கு ஓடியாந்தவன்!"

நாலு பேர் சிரித்தார்கள். சிரித்த பிறகு எந்த வீட்டு வாசலில் இருக்கிறோம் என்று நினைவு வந்து பிளேன்டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டார்கள்.

ரதி ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மரண விசாரணை முடிந்து, மலர்ச்சாலைக்காரர்கள் பவுடர் பூசிச் சவப்பெட்டியில் கிடத்திக் கொடுத்த அப்பா, கூடத்தை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு கிடந்தார். தலைமாட்டில் ரதியின் அம்மா மயிலம்மா. வருகிறவர்கள் எல்லோரிடமும் அவள் அதையேதான் சொன்னாள்.

"காலைல, 'ஒடம்பு ஒரு மாதிரி இருக்கு, இன்னைக்கி போகல'ன்னாரு. நாந்தான் கேக்கல. சோம்பல் படுறாருன்னு திட்டி, சோத்துப் பார்சலக் கையில குடுத்துத் தொரத்துனேன். தொரத்தியே கொன்னுட்டேன் அந்த மனுசன."

"விடுங்கக்கா, விதி" என்பார்கள். அவள் விடமாட்டாள். அடுத்த ஆள் வந்ததும் மறுபடி சோத்துப் பார்சலிலிருந்து தொடங்குவாள். நேற்றிலிருந்து ரதி இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறாள். மூடிக்கொள்கிறாள்.

போன மாதம் அப்புத்தளைக்கு மேலே மலையில் அட்டைப்படத்துக்காக ரதியும் அப்பாவும் ஏறினார்கள். வயசுப்பிள்ளை தனியாகப் போகக்கூடாதென்று அப்பாவைத் துணைக்கு அனுப்பியதும் அம்மாதான். வழியில் அப்பா சுந்தரலிங்கம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். கடைசிச் சங்கிலி இறுகும்வரை உட்காராத மனிதர்.

"பாப்பா, நெஞ்சக் கவ்வுற மாதிரி இருக்கு. எறங்குவமா?"

ரதியின் கண் கமராவில் இருந்தது. மூட்டத்தின் ஓரம் அப்போதுதான் கிழிந்து, பள்ளத்தாக்கில் வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது.

"அஞ்சு நிமிசம்ப்பா."

அந்த வெயில் தீரும்வரை நின்றாள். அவர் மறுபடி கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது, அந்தக் குளிரில் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இறங்கும்போது அவரே சொன்னார்: "அம்மாக்கிட்ட சொல்லிறாத. அப்பறம் ஒன்னைய எங்கயும் விடமாட்டா." அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அதைத்தான் இப்போது அவளால் விழுங்க முடியவில்லை. புத்தகம் வரட்டும், பிறகு டொக்டரிடம் காட்டலாம் என்று தள்ளிவைத்தாள். அட்டைப்படத்தில் பச்சை நீலமடிக்கிறதென்று அச்சகத்துக்கு நாள் தவறாமல் அலைந்தவளுக்கு, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒரு நாள் வாய்க்கவில்லை.

"வந்திருச்சா?" மயிலம்மா கையை நீட்டினாள். "கொண்டா, பாப்பம்."

சேலையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். அட்டையைத் தடவினாள்.

"நல்லா வழுவழுன்னு இருக்கு. இது அவரு ஒங்கூட வந்த எடமா?"

"ஆமாம்மா."

"அவரு எங்க நின்னாரு?"

"எனக்குப் பின்னால."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அம்மாவின் விரல் மூட்டத்துக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"நிக்கலம்மா. ஒக்காந்திருந்தாரு."

"ஒக்காந்தா? என்னத்துக்கு?"

ரதி பாயில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து, காதருகே குனிந்தாள். நெஞ்சு கவ்வியதைச் சொன்னாள். அஞ்சு நிமிசத்தைச் சொன்னாள். அவர் சொல்லாதே என்றதையும், தான் சொல்லாமல் இருந்ததையும் சொன்னாள். "நீ தொரத்துனதால இல்லம்மா" என்றாள். சொல்லி முடிக்க அதிக நேரம் எடுக்கவில்லை.

மயிலம்மா கத்தவில்லை. கை ஓங்கவுமில்லை. புத்தகத்தைக் குப்புறப் பாயில் வைத்தாள். அப்பாவின் தாடையைக் கட்டியிருந்த துணி விலகியிருந்தது. அதைச் சரியாக்கினாள். சரியான பிறகும் கையை எடுக்கவில்லை.

ஒழுங்கையில் ஒப்பாரி கேட்டது. ஹட்டனிலிருந்து அத்தை இராமலெட்சுமி வந்துவிட்டாள். "எந்தம்பீ" என்று பெட்டியின் கால்மாட்டில் விழுந்து, மாரில் அடித்து, அழுது ஓய்ந்து, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஏன் மயிலு, வெட்டிப் பாத்த டொக்டர் சொன்னாராமே, முன்னுக்கே நெஞ்சு வலி வந்திருக்கும்னு. எந்தம்பி ஒரு வார்த்த சொல்லலியா? இந்த வீட்டுல ஒருத்தருக்குமா தெரியாமப் போச்சு?"

ரதி தலையைத் தூக்கினாள். அதற்குள் மயிலம்மா முந்திக்கொண்டாள்.

"தெரியாது மதினி. ஒருத்தருக்கும் தெரியாது."

சொல்லிவிட்டு, அதுவரை ரதியின் தோளோடு ஒட்டியிருந்தவள் சுவர்ப் பக்கமாக நகர்ந்தாள். நடுவில் விழுந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள்.

"இப்பிடி ஒக்காருங்க."

இராமலெட்சுமி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.