கவட்டில் ஊன்றிய கை

தொண்ணூற்றெட்டாம் ஆண்டுச் சித்திரைப் பௌர்ணமியின் பிற்பகல். அழலுருவாய் நின்றவனின் மலையை வலம்வரும் அடியார்கள் அடி அண்ணாமலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். பாதையோரத்தில், இளநீர்க் கடை போடும் சிறு துண்டு நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்டார்கள்.

அண்ணன் ஆதிமூலம் தம்பியின் முகத்தை வேப்பமரத்தில் மோதினான். தம்பி பலராமன் உடைந்த பல்லைத் துப்பிவிட்டு எழுந்தபோது அவன் கையில் இளநீர் சீவும் அரிவாள் இருந்தது. ஒரே வீச்சு. அரிவாள் ஆதிமூலத்தின் வலத் தொடையில், கவட்டுக்குச் சற்றுக் கீழே ஆழ இறங்கியது.

பிடுங்கியதும் குருதி பீறிட்டது. அது வழியவில்லை, துள்ளியது. நெஞ்சுக்குள் தாளம் தப்பாமல் நடக்கும் கூத்து வெளியே தெரிவதுபோல், ஒவ்வொரு துடிப்புக்கும் எழுந்து தாழ்ந்து மீண்டும் எழுந்தது. கூட்டம் பலராமனைக் கீழே தள்ளி மிதித்தது.

பலராமனின் மனைவி மதிவதனி பாதையோர வீட்டின் வாசலில் நின்று இதைக் கண்டாள். அவள் வேங்கிக்காலில் ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் உடற்கூறு கற்பிப்பவள். தமனி சிவப்பு, சிரை நீலம் என்று சுவர்ப்படத்தில் கோல்வைத்துக் காட்டியவளே அன்றி, உயிருள்ள காயம் எதையும் தொட்டவள் அல்லள். ஆயினும் துள்ளுவது தொடைத் தமனி என்பதை அறிந்தாள். உடம்பில் உள்ள குருதி ஏறக்குறைய ஐந்து லிட்டர். இந்த வெட்டுவாய் திறந்தே இருந்தால் சில நிமிடங்களில் ஆதிமூலம் இறப்பான், அவள் கணவன் கொலைகாரன் ஆவான்.

அறிந்தும் கால் எழவில்லை. ஆதிமூலம் அவளுக்கு மூத்தார். மணமாகி வந்த நாள்முதல் அவன் எதிரே அவள் உட்கார்ந்ததில்லை. அவன் பெயரை உச்சரித்ததில்லை. சோற்றுத் தட்டையும் தரையில் வைத்துவிட்டு விலகியே நின்றிருக்கிறாள். இப்போது கைவைக்க வேண்டிய இடமோ அவனது கவடு.

ஆதிமூலத்தின் மனைவி கன்னியம்மாள் மஞ்சள் தூளைப் பிடிபிடியாக அள்ளிக் காயத்தில் அப்பினாள். குருதி அதைச் சேறாக்கித் தள்ளியது. கன்னியம்மாளின் தம்பி கோதண்டராமன் துண்டால் தொடையை இறுக்கினான். வெட்டு அத்தனை மேலே இருந்தபடியால் கட்டு அதற்குக் கீழேதான் நின்றது, பயனில்லை.

மதிவதனி பாய்ந்தாள். வேட்டியை விலக்கி, தொடையும் அடிவயிறும் கூடும் மடிப்பின் நடுவே விரல் வைத்தாள். துடிப்பு இருந்தது. தமனி அவ்விடத்தில்தான் இடுப்பெலும்பின் மீதேறித் தொடைக்குள் இறங்குகிறது. கையை மடக்கி ஊன்றி, உடலின் பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றினாள். ஆதிமூலம் அலறினான்.

வெட்டியவனின் மனைவி, வெட்டுண்டவன்மேல் ஏறி நசுக்குகிறாள். கண்டவர்களுக்கு அது அப்படித்தான் தெரிந்தது.

“உம்புருஷன் வெட்டுனது பத்தலன்னு நீ வேற சாவடிக்க வந்தியாடி?” கோதண்டராமன் அவள் கொண்டையைப் பற்றி இழுத்தான். அவள் அசையவில்லை. பந்தலுக்கு வைத்திருந்த சவுக்குக் கழியை உருவி முதுகில் அடித்தான்.

“மூத்தார் மேல கை வெக்கிறியே, வெக்கங்கெட்டவளே!” கன்னியம்மாள் அவள் முகத்தை நகத்தால் கீறினாள்.

“அடிங்க. கைய மட்டும் எடுக்க மாட்டேன்.”

அடுத்த அடி தோளில் விழுந்தது. காறையெலும்பு ஒடியும் ஓசை அவளுக்கே கேட்டது. ஊன்றிய வலக்கை துவண்டது. நின்றிருந்த குருதி அக்கணமே எழும்பிக் கன்னியம்மாளின் முகத்தில் அறைந்தது. மதிவதனி இடக்கையை அதே இடத்தில் ஊன்றினாள். குருதி நின்றது.

கன்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

“பாத்தீங்களாக்கா? விட்டா வருது, அமுக்குனா நிக்குது. எனக்கு ஒரு கை போயிடுச்சி. உங்க கைய குடுங்க.”

கோதண்டராமன் மீண்டும் கழியை ஓங்கினான். கன்னியம்மாள் மண்ணில் கிடந்த அரிவாளை எடுத்தாள்.

“இன்னொரு அடி வெச்ச, கூடப் பொறந்தவன்னு பாக்க மாட்டேன். போய் வண்டிய கூட்டியாடா.”

கழி கீழே விழுந்தது. அவள் அரிவாளை எறிந்துவிட்டு, மதிவதனியின் கைமேல் தன் இரு கைகளையும் ஊன்றினாள்.

அடியார்கள் வழிவிட்ட பாதையில் வேன் நகர்ந்தது. ஆதிமூலத்தின் உடல் சில்லிட்டு வியர்த்தது. எஞ்சிய குருதியை மூளைக்கும் இதயத்துக்கும் காக்கவேண்டி, தோலின் நாளங்களை உடல் தானே சுருக்கிக்கொண்டிருந்தது.

“தண்ணி...” என்றான்.

“ஒரு வாய் ஊத்தட்டுமாடி?”

“வேணாங்க்கா. மயக்க மருந்து குடுக்கறப்ப வாந்தி வந்து மூச்சுக் குழாயில போயிடும். நாக்க மட்டும் நனைங்க.”

“ரத்தத்துல கை வழுக்குதே உனக்கு.”

“நீங்க அமுக்குங்க.”

அரசு மருத்துவமனையில் தமனியைக் கவ்வியால் பிடித்தார்கள். வேலூருக்குக் கொண்டுபோய்த் தைத்தார்கள். மறுநாள் காலை, தோளில் கட்டோடு மதிவதனி கட்டிலருகே வந்தாள். ஆதிமூலத்தின் வலப் புறங்காலில் விரல் வைத்து, குருதி பாதம்வரை வருகிறதா என்று தேடினாள்.

“துடிக்குதா?” என்றாள் கன்னியம்மாள்.

அவள் விரலைப் பிடித்து மதிவதனி அந்த இடத்தில் வைத்தாள். மெல்லிய துடிப்பு, ஆயினும் துடிப்பு.

கன்னியம்மாள் விரலை எடுக்காமலே சொன்னாள்: “இவுரு பொழச்சிட்டாருன்னு உம்புருஷன விட்டுடுவேன்னு நெனைக்காத. போலீஸ்ல அவன் பேரதான் சொல்லுவேன்.”

“சொல்லுங்கக்கா,” என்றாள் மதிவதனி. “வெட்டுனான்னு சொல்லுங்க. கொன்னான்னு சொல்ல முடியாது, அது போதும்.”