சிவப்புப் பிடியில் என் முடிச்சு

நான் தைத்த தார்ப்பாய் வழியில் தையல் விட்டது என்று இருபத்தாறு வருடத்தில் ஒரு லாரிக்காரன் சொன்னதில்லை. இதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், கடைக்கு வழி கேட்டு வந்தவனிடம்கூட. வத்தலக்குண்டு ரோட்டில் இருக்கிற என் கடையில் வேலை முடிந்த ஒவ்வொரு தார்ப்பாயின் மூலையிலும் மெழுகு நூலை இரட்டையாக்கி, பெருக்கல் குறி மாதிரி ஒரு முடிச்சு போடுவேன். லாரிக்காரர்கள் அதை 'அழகுராஜா முடிச்சு' என்பார்கள். அப்படிச் சொல்ல வைத்தவனே நான்தான், அது வேறு விஷயம்.

அந்த முடிச்சை நம்பித்தான் முத்துச்சாமி அண்ணன் ஐரினை என்னிடம் அனுப்பினார். அவர் தூத்துக்குடியிலிருந்து நம்ம ஊரில் தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு உப்பு ஏற்றி வருகிற லாரிக்காரர். மழையில் உப்பு நனைந்தால் லோடே போச்சு. அதனால் தார்ப்பாய் விஷயத்தில் என்னைத் தவிர வேறு யாரையும் அவர் அண்டவிட மாட்டார்.

ஐரினுக்கு முப்பது வயது இருக்கும். தூத்துக்குடிக் கடலில் பெரிய பட்டம் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பலகைமேல் நின்று தண்ணீரில் பறக்கிற விளையாட்டைச் சொல்லிக்கொடுக்கிறவள். பட்டம் என்றதும் ஆடி மாதம் பிள்ளைகள் விடுவதை நினைத்துச் சிரித்தேன். அவள் விரித்தபோது கடை போதவில்லை. முன்விளிம்பில் தொடைப் பருமனுக்குக் காற்றடிக்கிற குழாய், அதன் பின்னால் பாராசூட் துணி. குழாயை ஒட்டி நாலடி நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது.

"துணி, நூல் எல்லாம் கொண்டாந்திருக்கேன் அண்ணாச்சி. நெருக்கித் தைக்க வேண்டாம். ஊசி ஓட்டை வரிசையாவே கிழிஞ்சிரும். சுருக்கம் விழுந்தா காத்துல ஒரு பக்கமா இழுக்கும்" என்றாள்.

இருபத்தாறு வருடம் தைத்தவனுக்கு ஊசியைப் பற்றிப் பாடம். எனக்குச் சுருக்கென்றது. "நர்கீஸ், இந்தச் சில்லறை வேலைய நீ பாரு" என்று தள்ளிவிட்டேன்.

நர்கீஸ் பேகம்பூரிலிருந்து வருகிறவள். நாலு வருடமாக என் கடையில் இரண்டாவது மெஷினில் உட்காருகிறாள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் அன்று ஐரினிடம் ஆயிரம் கேள்வி கேட்டாள். வெயில் தின்ற துணியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டு, நகத்தால் சுரண்டிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். ஐரின் ஊருக்குப் போனபின் நர்கீஸ் இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தாள். தைத்து முடித்துக் காலையில் குழாய்க்குக் காற்றடித்து, சாயங்காலம்வரை மணிக்கொரு தடவை கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். காற்று இறங்கவே இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். பட்டத்தோடு வந்த பையில் ஒரு கைக்கட்டை கிடந்தது. பட்டத்தின் கயிறெல்லாம் வந்து சேருகிற கட்டை அது. நடுவில் ஒரு வளையம், அதை இடுப்புக் கொக்கியில் மாட்டுவார்கள் போல. வளையத்துக்கு மேலே சிவப்பாக ஒரு பிடி. எடுத்துப் பார்த்தேன். பிடி கொஞ்சம் மேலே நழுவியதும் வளையம் டக்கென்று வாயைத் திறந்துகொண்டது.

ஆளைத் தூக்குகிற பட்டம், தொட்டால் கழல்கிற வளையம்! இதை நம்பியா அந்தப் பொண்ணு கடலுக்குள் போகிறாள்? கோணூசியை எடுத்தேன்.

"அண்ணே, அத தொடுறதுக்கு முன்னாடி அந்த அக்காட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க" என்றாள் நர்கீஸ்.

"ஏன், கழண்டு விழட்டுமா? எனக்கே நீ சொல்லித் தாரியா? உன் வேலையப் பாரு."

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். வளையத்தை மூடி, சிவப்புப் பிடியைக் கீழே இருந்த பட்டையோடு சேர்த்து நாலு சுற்றுத் தைத்தேன். இழுத்துப் பார்த்தேன், யானை இழுத்தாலும் அசையாது. முடிவில் கை தன்னால் பெருக்கல் குறியைப் போட்டது. கூலி வாங்கவில்லை. ஐரினிடம் சொல்லவும் இல்லை. என்றைக்காவது அவளே பார்த்துத் தெரிந்துகொண்டு மெச்சட்டும் என்று இருந்துவிட்டேன். முத்துச்சாமி அண்ணன் லாரியில் பை தூத்துக்குடி போனது.

பத்து நாள் கழித்து ஐரின் வந்தாள். வலது கையில் மாவுக்கட்டு, கன்னத்தில் முள் கிழித்த கோடுகள். முத்துச்சாமி அண்ணன்தான் லாரியில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

ஐரின் கைக்கட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள். "இந்தச் சிவப்புப் பிடி எதுக்குன்னா, காத்து மீறிப் போச்சுன்னா இதத் தள்ளணும். தள்ளினா வளையம் திறந்து பட்டம் என்னய விட்டுட்டு செத்து விழுந்திரும். உயிர் பிழைக்கிற வழியே இதுதான் அண்ணாச்சி. அன்னைக்குக் கரையில நிக்கும்போதே திடீர்னு காத்து தூக்கிச்சு. தள்ளுறேன், தள்ளுறேன், அசையல. உடமரத்து முள்ளுல போய் மோதுற வரைக்கும் மணல்ல இழுத்துட்டுப் போச்சு."

மேஜையில் கிடந்த நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.

"பட்டத்துல தச்ச தையல் ஒரு நூல்கூட விடல. அது கிழிஞ்சிருந்தாலாவது நின்னிருக்கும்" என்று சொல்லி லேசாகச் சிரித்தாள். "என் தப்பும் இருக்கு. தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ தள்ளிப் பாக்கணும். உங்க கடையில இருந்து வந்ததுதானேன்னு பாக்காம விட்டுட்டேன். இத யார் தச்சது?"

கேள்வி அவ்வளவுதான். அவள் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. முத்துச்சாமி அண்ணன் டீ கிளாஸோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரனும் எட்டிப் பார்த்தான். இருபத்தாறு வருடப் பெயரும் இந்த ஒரு பதிலில் போய்விடும் போலிருந்தது.

"அந்தப் புள்ளதான்... உங்க வேல முழுக்க அதுதான் பாத்துச்சு" என்றேன்.

நர்கீஸ் மெஷினை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். அவள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த வேலையை நம்பித்தான். அது எனக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

ஐரின் அவளிடம் போய், நல்ல கையை அவள் தோளில் வைத்தாள். "தெரியாமத்தான செஞ்சீங்க. மனசுல வச்சுக்காதீங்க." பிறகு என்னிடம் திரும்பி, "இதுக்காக இவங்கள வேலைய விட்டு நிறுத்திராதீங்க அண்ணாச்சி. எனக்காக" என்றாள்.

"சரி, உங்களுக்காக விட்டேன்" என்றேன். அப்படித்தான் சொன்னேன். நான் செய்த தப்புக்கு நர்கீஸை மன்னித்துவிட்டேன்! அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போலிருக்கிறது.

முத்துச்சாமி அண்ணன் மேஜையிலிருந்த கட்டையைக் கையில் எடுத்தார். புரட்டினார். சிவப்புப் பிடிக்கு அடியில் அவர் கட்டைவிரல் நின்றது. பெருக்கல் குறியை ஒரு தடவை தடவினார். அவர் லாரித் தார்ப்பாயின் நாலு மூலையிலும் அதே முடிச்சுதான் இருக்கிறது. என் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்து திட்டியிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை பேசித் தப்பித்திருப்பேன். கட்டையைக் கீழே வைத்தார். பாதி டீ கிளாஸில் இருந்தது, அதையும் வைத்தார். "லோடு இறக்கணும், வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐரினும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினாள்.

கடையில் நாங்கள் இரண்டு பேர். நர்கீஸ் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கோக்க வரவில்லை. தலை நிமிராமல் கேட்டாள்.

"அண்ணே, நாளைக்கு நான் வரணுமா?"

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன். ஐரின் லாரியில் ஏறக் காலை வைத்திருந்தாள்.

"ஐரின்! அது நான் தச்சது! அந்தப் புள்ள வேண்டாம்னு சொல்லுச்சு. நான்தான் அதட்டி உக்கார வச்சிட்டுத் தச்சேன். பொய் சொல்லிட்டேன்."

டீக்கடை வாசலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஸ்டியரிங்கில் இருந்த முத்துச்சாமி அண்ணன் மட்டும் திரும்பவில்லை. ஐரின் இறங்கி வந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையை மார்போடு பிடித்துக்கொண்டு என்னைக் கடந்து கடைக்குள் போனாள்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க. அவங்ககிட்ட?" என்றாள்.

நர்கீஸ் முன்னால் போய் நின்றேன். நாலு வருடமாக அதட்டிய வாய், ஒரு மன்னிப்பு கேட்க அவ்வளவு நேரம் எடுத்தது. "தப்புப் பண்ணிட்டேம்மா" என்றேன். அவள் "பரவால்லண்ணே" என்று சொல்லவில்லை. சொல்லாதது நல்லதுதான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்திரிக்கோலை எடுத்து அந்த முடிச்சை வெட்டினாள். நாலு சுற்றையும் வெட்டி நூலைப் பிரித்தாள். நல்ல கெட்டித் தையல். பிரிக்கச் செத்த நேரம் பிடித்தது.

அது போன ஆடியில். ஐரின் கையும் கூடிவிட்டது. இப்போது தூத்துக்குடியிலிருந்து மாதம் ரெண்டு மூணு பட்டம் வருகிறது, பையில் நர்கீஸ் பெயர்தான் எழுதியிருக்கும். தைப்பதும் காற்றடித்துப் பார்ப்பதும் அவள்தான். நான் தொடுவதில்லை. ஆனால் பையைக் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் கைக்கட்டையை என்னிடம் நீட்டுவாள்.

"அண்ணே, ஒரு தடவ தள்ளிப் பாத்திருங்க."

குத்திக் காட்டுகிறாளோ என்று ஆரம்பத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. ரெண்டு பேர் பார்த்தால் நல்லது என்று நிஜமாகவே நினைக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை. நான் பிடியைத் தள்ளுகிறேன், வளையம் டக்கென்று திறக்கிறது. "சரியா இருக்கும்மா" என்கிறேன். அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறாள்.