நினிவேயில் ஒரு கிழவரின் குரல்

பைபிளில் வரும் அழிந்துபோன நகரத்தை வைத்து, படத்துக்கு 'நினிவேயின் சாம்பல்' என்று பெயர் வைத்தபோதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். மூன்று மணி நேரக் கண்றாவி அது. பலகையில் அடித்த கோட்டை, சோப்பு விளம்பரத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி ஒரு ராணி, காட்சிக்குக் காட்சி தூங்கி வழிந்த ஒரு சிங்கம். படத்தொகுப்பு அறையில் உட்கார்ந்து அதை வெட்டி ஒட்டியவள் நான். திட்டுவதற்கு எனக்கு இல்லாத உரிமையா?

உருப்படியாக அதில் இருந்தது ஒரே ஒரு ஆள், ஓட்டகார் லிண்ட். ஊமைப்படக் காலத்தில் அவர் முகத்தைப் பார்க்கப் பெண்கள் தியேட்டர் வாசலில் மயங்கி விழுந்திருக்கிறார்கள். படம் பேச ஆரம்பித்தது, இவருடைய பொஹீமிய நாட்டு உச்சரிப்பைக் கேட்டு முதலாளிகள் கதவைச் சாத்திவிட்டார்கள். அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷம், கூட்டத்தில் நிற்கும் பாதிரியாகவும் கதவு திறக்கும் வேலைக்காரனாகவும் வாயைத் திறக்காமலே பிழைத்தார். இந்தப் படத்தில்தான், ராஜசபைக்குள் நுழைந்து சாபமிடும் தீர்க்கதரிசி வேஷம். ஒரே ஒரு காட்சி, ஆனால் பேச்சு உண்டு.

அவர் மனைவி வில்மாவுக்குச் சர்க்கரை வியாதியில் கண் இரண்டும் போயிருந்தது. "அவன் பெரிய ஸ்டாரா இருந்தப்ப எனக்குக் கண்ணு இருந்துச்சு, அவனுக்குக் குரல் இல்ல. இப்ப குரல் வருது, கண்ணு இல்ல. போகட்டும் டாட்டி, காது இருக்கில்ல," என்று எனக்குப் போன் செய்து சிரித்தாள்; டாட்டி என்பது என் பெயர். கறிக்கடைக்காரனிலிருந்து சலவைக்காரி வரைக்கும் சொல்லி வைத்திருந்தாள். புதுத் தொப்பியும் வாங்கிவிட்டாள்.

எங்கள் சினிமா ஊரில் ஒரு வழக்கம் உண்டு. படத்தை வெளியிடுவதற்கு முன்னால், புறநகரில் ஏதாவது ஒரு தியேட்டரில், வேறு படம் பார்க்க வந்த கூட்டத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுக் காட்டுவோம். ஜனங்கள் எங்கே அழுகிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்போம். எங்கள் தயாரிப்பாளர் வெக்ஸ்லர் தேர்ந்தெடுத்தது கல்லூரிப் பையன்கள் நிறைந்த ஊர். அதுவும் ஒரு கோமாளிப் படம் ஓடி முடிந்த கையோடு. சிரித்துச் சிரித்து வாய் மூடாமல் இருந்த கூட்டத்துக்கு முன்னால் தீர்க்கதரிசியைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும்?

கதாநாயகன் ராண்டி கிரேல், அசீரியத் தளபதி. கையை உயர்த்திச் சபதம் செய்கிறான். அந்தக் கையில் அம்மைத் தடுப்பூசித் தழும்பு, திரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிகிறது. "தளபதி, ஊசி போட்டாச்சா?" என்று ஒரு பையன் கத்தினான். தியேட்டரே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அடுத்த காட்சித் துண்டு ஓட்டகாரின் முகம். அவர் வாயைத் திறந்தபோது அந்தச் சிரிப்பு பாதிகூட அடங்கவில்லை. அவர் பேசியது ஒருவர் காதிலும் விழவில்லை.

காரில் ஏறியதும், ஜனங்கள் கிழவனைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்றார் வெக்ஸ்லர். அந்த உச்சரிப்பைத் தூக்கிவிட்டு வேறு குரல் போடச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிரிப்பு தழும்புக்கு வந்தது, கிழவருக்கு அல்ல, தழும்பு தெரியாமல் தளபதியை மறுபக்கத்திலிருந்து எடுத்த துண்டு என்னிடம் இருக்கிறது, அதைப் போட்டால் சரியாகிவிடும் என்று மன்றாடினேன். அவர் சுருட்டைப் பற்ற வைத்துக்கொண்டு, "ராண்டி இன்னும் மூணு படம் பண்ணித் தரணும் எனக்கு. கிழவன்கிட்ட என்ன இருக்கு?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

வானொலியில் மலமிளக்கி விளம்பரம் படிக்கும் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். மூன்று நாள் சாராயத்தில் ஊறின மாதிரி கனத்த குரல். இந்த மாதிரி விஷயத்தைச் சின்ன நடிகர்களிடம் யாரும் சொல்வதில்லை, தியேட்டரில் உட்கார்ந்து அவர்களே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஓட்டகாருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.  வில்மாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.

சொல்லவில்லை அந்த மனுஷர். முதல் காட்சிக்கு இரண்டு பேரும் கைகோத்து வந்தார்கள். தியேட்டர் வாசலில் சிவப்புக் கம்பளம், இரண்டு பக்கமும் பட்டுக் கயிறு, கயிறு முடிகிற இடத்தில் விளம்பரத்துக்காகக் கொண்டுவந்து நிறுத்திய, அசைபோடும் ஒரு ஒட்டகம். வில்மாவின் தலையில் புதுத் தொப்பி. அவளிடம் எதுவும் சொல்லிவிட வேண்டாம் என்று ஓட்டகார் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். அவர்களுக்குப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அந்தக் காட்சி வந்தது. திரையில் ஓட்டகாரின் முகம், அதன் வாயில் மலமிளக்கிக்காரனின் குரல். அப்போது அவர் வில்மாவின் காதருகே குனிந்தார். "நினிவேயே, உன் மதில் உன்னைக் காக்காது," என்று தன் சொந்த உச்சரிப்பில், திரையில் அசையும் உதட்டுக்குச் சரியாக, மெல்லச் சொல்ல ஆரம்பித்தார். அந்தத் துண்டை நூறு தடவை ஓட்டிப் பார்த்தவள் நான். ஒரு இம்மிகூடப் பிசகவில்லை. 

வில்மா அவர் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். "சும்மா இரு ஓட்டோ. எவனோ கத்திட்டு இருக்கான், அடுத்து நீதான் வருவியோ என்னமோ. கேக்க விடு."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. தன் கணவனின் பேச்சு எப்போது வந்தது என்று அவள் கேட்டாள். வெட்டிவிட்டார்கள் என்றார். அவள் அவர் கையைத் தடவிக்கொடுத்து, நாசமாய்ப் போகட்டும், வீட்டுக்கு வந்து எனக்கு மட்டும் பேசிக் காட்டு என்றாள். அந்த நிமிஷமே வீட்டுக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார்கள்.

முன்கூடத்தில் பத்திரிகைக்காரர்கள் படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தூங்கினாலும் சிங்கம் ஒன்றுதான் யோக்கியமாக நடித்தது என்றான் ஒருவன். பத்திரிகையில் சினிமா வம்பு எழுதும் ஒரு அம்மாள் மட்டும், அந்தத் தீர்க்கதரிசியின் குரல் நன்றாக இருந்ததாக வெக்ஸ்லரிடம் சொன்னாள். அவ்வளவுதான், அதைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஓட்டகாரை இழுத்துப் போய், இதோ அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் என்று நிறுத்தினார்.

வில்மாவும் கூடவே போனாள். "இவர் பேசவே இல்லையே. இவர் சீனத்தான் வெட்டிட்டீங்களே," என்றாள்.

வெக்ஸ்லர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அடடா, கண்ணு மட்டும்தான் போச்சுன்னு சொன்னாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். வம்பு அம்மாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெக்ஸ்லர் ஓட்டகாரின் தோளில் கை போட்டார். அடுத்த படம் எகிப்து, அதில் தலைமைப் பூசாரி வேஷம் சும்மா கிடக்கிறது என்றார். "வீட்டம்மாகிட்ட சொல்லுங்க பெரியவரே. அந்தக் குரல் யாரோடது?"

ஓட்டகார் என்னைப் பார்த்தார். சொல்லித் தொலையும், ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லும் என்று மனசுக்குள் கத்தினேன். அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"நாந்தான் வில்மா. மைக்குல பேசினா குரல் அப்படி மாறிடும்."

 வில்மா அவர் பக்கமாக முகத்தைத் திருப்பினாள். "உன் முகம் எனக்கு மறந்து போச்சு ஓட்டோ. இந்தக் குரல்தான் நீன்னு வச்சிருந்தேன். இப்ப அதுவும் பொய் சொல்லுது," என்றாள்.

அவர் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். துழாவித் துழாவி வாசலுக்குப் போய்ப் பட்டுக் கயிற்றைப் பிடித்து, அதன் போக்கிலேயே வெளியே நடந்தாள். ஓட்டகார் ஒரு அடி எடுத்து வைத்தார். தோளில் கிடந்த கை அழுத்தியது, புகைப்படக்காரன் இந்தப் பக்கம் பாருங்கள் என்றான். அவர் அந்தப் பக்கம் பார்த்தார். பாவி மனுஷர், சிரிக்கவும் சிரித்தார்.

கயிறு ஒட்டகத்தின் அருகே முடிந்துவிட்டது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் அவள் காற்றில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள், தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன்.

"யாரு?" என்றாள்.

"டாட்டி."

"பேசிக்கிட்டே வா," என்றாள். "இல்லன்னா யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கார் வரைக்கும் வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே போனேன்.