இடப்பக்கத்துப் பம்பு

14 மே 2024, செவ்வாய். இன்று மாலை, கப்பல் பழுதுபார்க்கும் பயிற்சி வகுப்பில் சிறு தவறு செய்தேன். மிதக்கும் கப்பல் பட்டறையின் மாதிரியில், இடப்பக்கத் தொட்டியின் நீரை மட்டும் இறைத்துவிட்டேன். இரு பக்கத்துப் பம்புகளாலும் சமமாக இறைத்தால்தான் பட்டறை கப்பலைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். அது சாய்ந்தது, மேலிருந்த மரப் போர்க்கப்பல் தண்ணீரில் சரிந்தது.

“ரிப்பேர் பண்ணச் சொன்னா மூழ்கடிச்சிட்டியே லா!” என்றாள் உடன் படிக்கும் மோகனா.

ஆசிரியர் இக்ராம் சிரிக்கவில்லை. “நாளைக்கு மறுபடி செய், தேவன். அப்பவும் சாஞ்சா, உன்னக் கப்பல் பட்டறைக்கு டிரெய்னிங் அனுப்ப முடியாது.”

செண்டாயானில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பகலெல்லாம் நின்ற களைப்புதான் காரணம் என்று நினைத்தேன். உறுதியாகத் தெரியவில்லை. வகுப்பிலிருந்து மாதிரியை எடுத்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்து வீட்டுக்கு வந்து, துணி ஊறவைக்கும் தொட்டியில் அதை மிதக்கவிட்டேன். செம்பனை வேலை முடித்து வந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

“கப்பலுக்கு முன்னால நீ சாஞ்சிடாதடா.”

மறுபடியும் சாய்ந்தது. அப்போதுதான் கவனித்தேன்: இரண்டு முறையும் நான் இடப்பக்கமே நின்றிருந்தேன். வலப்பக்கத்துப் பம்பு தள்ளி இருந்ததால், சோர்ந்த கை பக்கத்தில் இருந்ததையே அழுத்தியது.

நாளை வகுப்புக்கு முன் இரண்டு பம்புகளின் குழாய்களையும் நீட்டி, பம்புகளை நடுவில் அருகருகே வைத்துக் கட்ட வேண்டும்.