அழைக்கப் போன வீடு

கோதண்டபாணியின் வீடு, 1967ஆம் ஆண்டு தை மாதம், அவன் மனைவி ஆராயியைத் திரும்ப அழைத்து வருவதற்காக விருத்தாசலத்தை விட்டுக் கிளம்பியது. பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்தெருவில் இருந்த வீடு அது. மண்சுவர், நாட்டு ஓடு, ஒரே ஒரு ஜன்னல். வெயில் ஏறிய பிறகு எழுந்து, ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி போகும்வரை மாட்டுவண்டிகளோடு வரிசையில் நின்று, கேட் திறந்ததும் மங்கலம்பேட்டை ரோட்டில் இடது ஓரமாகப் போயிற்று. ஓடு ஒன்றுகூடச் சரியவில்லை. உள்ளே சமைத்துக்கொண்டிருந்த கோதண்டபாணியின் அம்மா ராஜம்மாள், சோறு வடித்து நிமிர்ந்தபோதுதான் ஜன்னலுக்கு வெளியே கரும்பு வயல் நகர்வதைப் பார்த்தாள். குழம்புக்கு அடுப்பைத் தூண்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வீடு கிளம்ப வேண்டி வந்ததே அவளால்தான். கோபித்துக்கொண்டு போன மருமகளைப் புருஷன் வீட்டார் தேடிப் போய், நாலு நல்ல வார்த்தை சொல்லி அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். ராஜம்மாள் விடவில்லை. "போனவ தானா வருவா. நாம போயி நின்னா நமக்குத்தான் கேவலம்" என்றாள். கோதண்டபாணி சூளையில் பீங்கான் அடுக்குகிறவன். ஒரு ஜாடி இன்னொன்றைத் தொடாமல் அடுக்கத் தெரிந்தவனுக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசத் தெரியவில்லை. இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மனிதர்கள் போகாத இடத்துக்கு வீடே போயிற்று. ஆனால் ஒரு விஷயம் வீட்டுக்கும் புரியவில்லை, ஊருக்கும் புரியவில்லை. ஆராயி கோபித்துக்கொண்டு போகவேயில்லை.

பேட்டையில் செய்த ஊறுகாய் ஜாடிகளையும் பொம்மைகளையும் வைக்கோல் சுற்றிக் கூடையில் அடுக்கி, 1965 பங்குனியில் திருவிழாக்களுக்கு விற்கப் போனாள். முதல் இரண்டு நடை ஒழுங்காகத் திரும்பி வந்தாள். மூன்றாவது நடையில் சேலத்திலிருந்து வீடு திரும்பாமல் ஈரோட்டுக்குப் போய்விட்டாள். காலையில் கண் விழித்ததும் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தெரியாத ஊராக இருக்க வேண்டும், அதைத் தேடிக்கொண்டு புறப்பட வேண்டும். அவளுக்குப் பிடித்தது அவ்வளவுதான். வியாபாரத்துக்காக அலைகிறாள் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அவளோ, "வியாபாரம் சாக்குதாங்க, போறதுதான் எனக்கு வேல" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லித் தொலைத்தாள். ஒரு பெண் காரணத்தோடு ஓடிப்போனால் எங்கள் ஊர் மன்னித்துவிடும். காரணமில்லாமல் சந்தோஷமாகப் போனால் எப்படிப் பொறுக்கும்? பிள்ளை இல்லாத ஏக்கம் என்றார்கள், காத்து கருப்பு என்றார்கள். ஆளுக்கொரு காரணம் தைத்துப் பார்த்தார்கள். எதுவும் அவளுக்கு அளவு சரியாக இல்லை.

வீடு கட்டைவண்டி வேகத்தில்தான் நடந்தது. அது பண்ருட்டி போய்ச் சேர்ந்தபோது அவள் கும்பகோணத்தில் இருந்தாள். கும்பகோணத்துக்குப் போனால் திண்டுக்கல்லில். வேலை முடிந்து வரும் கோதண்டபாணி, "இந்தப் பக்கமா ஒரு வூடு போச்சிங்களா?" என்று வழிநெடுக விசாரித்துக்கொண்டே சைக்கிள் மிதிப்பான். "இப்பதான் போவுது, வெரசா போ" என்பார்கள். தூரம் கூடியபோது சூளைவேலை கைவிட்டுப் போனது. வீட்டுவரியை எந்த ஊராட்சி வாங்குவது என்று தெரியாமல் யாரும் வாங்கவில்லை. வீடு துரத்தியதால்தான் அவள் ஊர் ஊராக ஓடினாள் என்று பின்னாளில் சிலர் பேசினார்கள். சுத்தப் பொய். வீடு வராமல் இருந்திருந்தாலும் அவள் போய்க்கொண்டுதான் இருந்திருப்பாள்.

அது பொய் என்று நிரூபிப்பதுபோல 1972 மாசியில் வேப்பூரில் அவளே நின்றாள். வீடு வருகிறது என்று லாரிக்காரர்கள் வந்து சொன்னபோது மெயின் ரோட்டோரம் கூடையை இறக்கி வைத்துக் காத்திருந்தாள். மத்தியானம் வீடு வந்து, வாசல்படியை அவள் காலடியில் தாழ்த்தியது. ஹோட்டல்களில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு கூடிவிட்டார்கள். கூட்டத்தில் பெரியவராக இருந்த மங்கலம்பேட்டைப் பாத்திரக் கடைக்காரர் நைனா முகம்மது, பஞ்சாயத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

"என்னம்மா கொறை? அடிக்கிறாரா?"

"இல்லீங்க பாய்."

"குடியா?"

"அதெல்லாம் இல்லீங்க."

"மாமியா கொடும?"

"யாரப் பாத்து என்னா கேக்குறீங்க?" என்று ஜன்னலிலிருந்து ராஜம்மாள் சீறினாள்.

"அத்தே ஒண்ணும் பண்ணலீங்க. எனக்குப் போறது புடிச்சிருக்குது, போறேன்" என்றாள் ஆராயி.

கூட்டம் முணுமுணுத்தது. ஒருத்தி காறித் துப்பினாள். கோதண்டபாணி படியிறங்கி வந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் அடிச்சன்னு சொல்லிடு. பேச்சு எம்மேல வந்துட்டுப் போவட்டும். உன்ன வுட்டுடுவாங்க" என்றான். ஏழு வருஷத்தில் அவன் சொந்தமாக யோசித்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். ஆராயிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவனை அவளுக்குப் பிடிக்கும், எப்போதும் பிடித்திருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படியே பதில் சொன்னாள்.

"நீ அடிக்கல மாமா. பொய் சொல்லிட்டுப் போனா அது ஓடிப்போறது. நான் ஓடல, போறேன்."

பிறகு வீட்டின் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். "உங்கிட்டயும் எனக்குக் கோவமில்ல. காலு வலிக்கும், உக்காரு" என்றாள். கூடையைத் தலைக்கு ஏற்றி, "போறேன் அத்தே" என்றதும் ராஜம்மாள் பதறி, "போயிட்டு வரேன்னு சொல்லுடி!" என்று கத்தினாள். ஆராயி சிரித்தாள். அந்த வார்த்தையைச் சொல்லாமலே திருச்சிப் பக்கம் போகும் லாரியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போனாள்.

வீடு ஒரு பெருமூச்சு விட்டு, ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டது. அன்றோடு அது நடக்கவில்லை. கோதண்டபாணி பக்கத்து ஹோட்டலில் அடுப்பு பார்க்கப் போனான்; நெருப்பு எங்கே எரிந்தாலும் நெருப்புதான். ராஜம்மாளுக்குத்தான் மனம் ஆறவில்லை. ஐந்து வருஷம் ஜன்னலில் ஊர் ஊராகப் பார்த்துப் பழகிவிட்டு இப்போது ஒரே மைல்கல்லைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வருவோர் போவோரிடம் குறைப்பட்டாள். நாளடைவில் அங்கே பஸ் நிற்க ஆரம்பித்தது. "ஆராயி வூடெல்லாம் எறங்கு" என்று கண்டக்டர்கள் குரல் கொடுப்பார்கள். ஆராயியும் அந்த வழியாக வருவாள். கோதண்டபாணி பஸ் ஜன்னல் வழியே டீயை நீட்டுவான். குடித்துவிட்டுக் கிளாஸைத் திருப்பிக் கொடுப்பாள். ஒருமுறை புதிதாக வேலைக்கு வந்த கண்டக்டர், "ஆராயி வூடு வந்துட்டுதும்மா, எறங்கலியா?" என்று கேட்டார்.

"நான் அந்த ஊரு இல்லீங்க. பஸ்ஸு கடைசியா எங்க போவுதோ அங்க ஒரு டிக்கெட்டு குடுங்க" என்றாள் ஆராயி.